பூட்டிய கேட்டும் தெரு வாயும்

பழைய கார் விற்கும் கடையின் கேட்டில் சங்கிலி விழுந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் எதிர் டீக்கடையில் அதற்கான காரணங்கள் ஒன்பதைத் தாண்டிவிட்டன.

திருட்டு வண்டியை வாங்கிப் போட்டுக் கடை முதலாளி மாட்டிக்கொண்டார் என்றது ஒரு கட்சி. சீட்டாட்டத்தில் இடத்தையே தோற்றுவிட்டார் என்றது இன்னொரு கட்சி. மேம்பாலம் வரப்போகிறது, அது முன்கூட்டியே தெரிந்து கடையைக் காலி செய்கிறார் என்று சலூன்காரர் அடித்துச் சொன்னார். மேம்பாலம் எங்கிருந்து எங்கே போகும் என்று கேட்டவர்களிடம், "அதெல்லாம் மேலிடத்துக்குத்தான்யா தெரியும்" என்று கத்தரிக்கோலால் வானத்தைக் காட்டினார்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் இவை எதையும் ஏற்கவில்லை. அவருக்குத் தனிக் கட்சி.

"யோவ், அந்த மனுஷனுக்கு ஊர் வெச்ச பேரே ஸ்டெப்னிக்காரர். பேருலயே இருக்குய்யா விஷயம். எங்கயோ இன்னொரு குடும்பம் இருக்கு. அது இப்போ வாசல்ல வந்து நின்னிருக்கும். நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோ."

கடை முழுக்கச் சிரிப்பு. டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

அந்தப் பெயர் வந்த கதை வேறு. எவ்வளவு பழைய வண்டியாக இருந்தாலும் டிக்கியில் நல்ல ஸ்டெப்னி, அதாவது உபரி டயர் ஒன்றைப் போடாமல் அவர் வண்டியைக் கேட்டுக்கு வெளியே விடமாட்டார். "நடுரோட்டுல நிக்கும்போது என் மூஞ்சி ஞாபகம் வந்து காறித் துப்பக்கூடாது பாரு" என்பார். இது டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததைப் பேசுவதில் என்ன ருசி இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் சீட்டக்கா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஆளாளுக்குத் தன் கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள்.

"ரெண்டு டீ பார்சல்ண்ணே" என்று பாத்திரத்தை நீட்டினாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

சீட்டு பிடிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டு தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் அவளிடம் மாதா மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று விசாரித்ததுண்டு. அவள் பிடித்தது கார் சீட்டை. கடைக்கு வந்த ஒவ்வொரு வண்டியின் உள்பக்கத்தையும் பதினெட்டு வருஷமாக அவள்தான் சுத்தம் செய்தாள். கதவைத் திறந்து முதல் மூச்சு இழுத்ததுமே அந்த வண்டியில் இருந்த குடும்பத்தைச் சொல்லிவிடுவாள். பின் சீட்டு இடுக்கில் பிஸ்கட் தூள், அப்படியானால் சின்னப் பிள்ளைகள். முன் சீட்டில் தைல வாசனை, அப்படியானால் இடுப்பு வலிக்காரர். வேக்குவம் மெஷினை இழுத்து, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நான்கு கதவையும் திறந்து வைத்துக் காற்றாட விடுவாள். தகரக் கொட்டகைக்குக் கீழே வெயில் காலத்தில் முதுகு வெந்துபோகும். மழைக் காலத்தில் சீட்டு காய்வதற்குள் உயிர் போகும்.

அவள் புருஷன் அதே கடையில் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம். வண்டி வாங்க வருகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்கமாட்டார்கள், மைலேஜைக் கேட்கமாட்டார்கள். "மெக்கானிக் பாத்துட்டாரா?" என்று மட்டும் கேட்பார்கள். அவர் பார்த்துவிட்டார் என்றால் பேச்சு முடிந்தது. நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டுகிற ஸ்பேனர் ஒன்றை முதலாளி வாங்கி வந்து கொடுத்தபோது, அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். "எனக்கு எதுக்கு முதலாளி அது? போதும்னு கையே சொல்லும்" என்றார்.

அப்படிப்பட்ட கடைதான் ஒரு செவ்வாய்க்கிழமை மூடியது. காலையில் வேலைக்குப் போன இருவரையும் முதலாளி ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். முகம் ஒரே ராத்திரியில் பத்து வயது கூடின மாதிரி இருந்தது.

"போதும்ப்பா. களைச்சுப்போயிட்டேன். கடைய மூடிடறேன்."

"என்ன முதலாளி திடுதிப்புன்னு?"

"மூடறதுன்னா திடுதிப்புன்னுதான் மூடணும். யோசிச்சா மூட முடியாது."

அவ்வளவுதான். நான்கு நாளில் வேறொரு வியாபாரி ஆட்களோடு வந்து இருந்த வண்டிகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போனார். கேட்டில் சங்கிலி விழுந்தது. மெக்கானிக் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். ஓடாத கடிகாரத்தைக் கழற்றிப் பரப்பி வைத்தார். அதை மறுபடி மாட்ட வரவில்லை. திருகாணிகள் விரலில் நிற்காமல் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. சீட்டக்கா முட்டி போட்டுப் பொறுக்கித் தந்தாள். எதுவும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தது அன்றைக்கு மட்டுமில்லை. நான்கைந்து மாதமாகவே அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தான் போட அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒருநாள் அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைக் கரித்துணி இல்லாமல் வெறுங்கையால் தூக்கி இறக்கினார், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. மறுநாள் விரல் நுனியெல்லாம் கொப்புளம். "எப்படிங்க?" என்று கேட்டாள். "சைலன்சர் பட்டிருக்கும்" என்றார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள், "அப்பாவுக்குச் சர்க்கரை பாத்தியாம்மா? கூட்டிட்டு வா, நானே ஏற்பாடு பண்றேன்" என்றாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். பார்த்தால் இருப்பது தெரிந்துவிடும் என்கிற பயம் இருவருக்கும்.

கடை மூடிய மூன்றாவது வாரம் நல்ல சேதி ஒன்று வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்பது பஸ்களைப் பராமரிக்க ஆள் தேவையாம். மெக்கானிக்கின் பெயரைக் கேட்டதுமே, வேறு பேச்சே பேசாமல், "திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியில் இருந்த ஸ்பேனர்களை எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக அடுக்கினார்.

"ஒன்பது பஸ்ஸு! எல்லாம் சின்னப் புள்ளைங்க போற வண்டி. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திப் பாக்கணும், என்ன?"

"ஆமாங்க" என்றாள் சீட்டக்கா. அவளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் கண் அவர் விரல்களிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலையில் முதலாளி போன் செய்தார். ஆபீஸ் அறையைக் காலி செய்ய வேண்டும், கொஞ்சம் வந்து கூட்டிப் பெருக்கித் தர முடியுமா என்று கேட்டார். போனாள். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் எங்கோ வெளியே போயிருந்தார். மழை விட்டிருந்தது. வண்டிகள் இல்லாத முற்றம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. பழைய காலண்டர்களையும் சாவிக்கொத்து அட்டைகளையும் மூட்டை கட்டினாள். மூட்டையைப் பின்பக்கக் கொட்டகையில் வைக்கப் போனபோதுதான் பார்த்தாள், தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி நின்றது.

எல்லா வண்டியும்தான் போய்விட்டதே, இது எது? தார்ப்பாயைத் தூக்கினாள். வெள்ளைக் கார். இடது பக்கம் முழுக்க உரசிச் சிராய்த்து, முன் பம்பர் கிழிந்து தொங்கியது. இடது முன் சக்கரம் இல்லை. அந்த இடத்தில் கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தது.

கதவைத் திறந்தாள். தன் சோப்பு வாசனையே வந்தது. கடை மூடுவதற்குப் பத்து நாள் முன்னால் அவள் தேய்த்துக் காயவைத்த சீட்டு. வாங்கியது ஒரு டீச்சரும் அவர் வீட்டுக்காரரும். இரண்டு பிள்ளைகள். சின்னது சீட்டில் ஏறிக் குதித்து, "ஆன்ட்டி, மெத்து மெத்துனு இருக்கு!" என்று கத்தியது. இப்போது அதே சீட்டில் கண்ணாடித் தூள் பரவியிருந்தது.

அவள் குனிந்து சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் இதே கொட்டகையில் இருந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போல்ட்டுகளில் இரண்டு உடைந்திருந்தன. மற்ற இரண்டிலும் மரை முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நட்டு இறுகாமல் ஆடி ஆடிக் கழன்றிருக்கிறது.

அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்தாள். முதலாளி திரும்பி வந்து பார்த்தபோது அப்படியேதான் இருந்தாள்.

"பாத்துட்டியா? கேட்டுல சங்கிலி போட்ட பிறகுதான் ராத்திரியில கொண்டாந்து மூடி வெச்சேன்" என்றார் அவர். திட்டவில்லை. இன்னொரு டயரை உருட்டிப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளைங்க…?"

"நல்லா இருக்காங்கம்மா. கடவுள் புண்ணியம். வளைவுல மெதுவாப் போயிருக்காங்க. சக்கரம் கழண்டு உருண்டு போயிடுச்சு. வண்டி இழுத்துக்கிட்டு ஒரு சோளக்காட்டுல இறங்கி நின்னுடுச்சு. டீச்சர் வீட்டுக்காரருக்குத் தோள் எலும்புல விரிசல். மத்தவங்களுக்குச் சிராய்ப்பு. ஒரு அம்பதடி தள்ளியிருந்தா பாலம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த மனுஷன் படுத்துக்கிட்டே கேட்டாரு, யாரு சார் அந்தச் சக்கரத்த மாட்டினதுன்னு. நான்தான்னு சொன்னேன்."

"அண்ணே!"

"வேற என்ன சொல்லச் சொல்றே? பேரச் சொன்னா போலீஸு உன் வாசலுக்கு வரும். அவருக்கு அவ்வளவு கோபம், நியாயமான கோபம். புகார் குடுக்கப்போறேன்னு நின்னாரு. அப்புறம் டீச்சரம்மா சமாதானம் பண்ணினாங்க. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு. இனிமே நீங்க யாருக்கும் வண்டி விக்கக்கூடாதுன்னாரு. சரின்னுட்டேன்."

"பொய் சொல்லி, கடையையும் மூடிட்டு, தெரு பேசற பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு… ஏண்ணே?"

முதலாளி தார்ப்பாய் ஓரத்தில் சொட்டும் தண்ணீரைக் கையில் ஏந்தி உதறினார்.

"பொய்யின்னு முழுசாச் சொல்லிட முடியாதும்மா. அவன் விரல் மரத்துப்போச்சுன்னு எனக்கு நாலு மாசத்துக்கு முன்னாடியே தெரியும். கொதிக்கிற ரேடியேட்டர் மூடிய வெறுங்கையில திறந்துட்டு, அப்படியே என்கிட்ட பேசிக்கிட்டு நின்னான். பாத்துட்டுதான் இருந்தேன். ஆனா கேக்கல. கேட்டா அவன் வேலை நிக்கும். அவன் வேலை நின்னா கடை நிக்கும். என் வண்டிய வாங்கினவன் ஒவ்வொருத்தனும் அவன் கைய நம்பித்தான் வாங்கினான், என்னைய நம்பி இல்ல. தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தேன் பாரு, அந்த நட்டை முறுக்காம விட்டது நானும்தான்."

பானையைத் தூக்கிய விரல்களும் கட்டிலுக்கு அடியில் உருண்ட திருகாணிகளும் சீட்டக்காவின் கண் முன்னால் வந்தன.

"அப்படிப் பாத்தா மூணாவது ஆளு நான்ண்ணே" என்றாள். "எனக்கும் தெரியும்."

"விடு. அவன்கிட்ட சொல்லிடாதே. இருபத்திரண்டு வருஷம் ஒரு குறை இல்லாம உழைச்சவன். கடைசிக் காலத்துல இந்தப் பாரம் அவனுக்கு எதுக்கு? நான் கடைய மூடினேன், கதை முடிஞ்சுது. தெரு ரெண்டு மாசம் பேசும், அப்புறம் வேற கேட்டுக்குப் போயிடும். எனக்குச் சத்தியம் பண்ணு."

அவள் தலையாட்டினாள். தலையாட்டின பிறகுதான் நினைவு வந்தது, திங்கட்கிழமை.

அவள் பஸ் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்கு நடந்துபோகும்போது அழுகை வந்தது. பயத்திலா, நன்றியிலா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தன் புருஷன் பெயரில் ஒரு கீறல் விழக்கூடாது என்று ஒரு மனிதர் தன் பெயரையே தெருவில் போட்டு மிதிக்க விட்டிருக்கிறார். டீக்கடையில் அத்தனை பேர் சிரித்தார்களே, அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் பார்சல் வாங்கிக்கொண்டு வந்தாளே. கூசியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் மருந்துக்கடைக்குப் போன பிறகு, சாப்பிட்டு முடித்து அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். சீட்டக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ண மூடுங்க."

"எதுக்கு? என்ன தரப்போறே?"

"மூடுங்களேன்."

சிரித்துக்கொண்டே மூடினார். அவள் அவர் விரல்களுக்கு நடுவே ஒன்றை வைத்தாள்.

"இது என்ன?"

அவர் உருட்டிப் பார்த்தார். "நட்டு."

"இது?"

"இதுவும் நட்டுதான். என்ன விளையாட்டு இது?"

"கண்ணத் திறந்து பாருங்க."

திறந்தார். முதலில் வைத்தது சட்டைப் பொத்தான். இரண்டாவது, காய்ந்த பட்டாணி.

அவர் சிரிப்பு மெல்ல வடிந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தூக்கக் கலக்கம்" என்றார்.

"தூக்கக் கலக்கம் இல்லீங்க."

"அப்போ என்னங்கறே? வேலைக்கு லாயக்கில்லேங்கறியா? நாளைக்குப் போய்ச் சேரப்போற நேரத்துல அபசகுனமா…"

"அபசகுனமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன், அந்தச் சத்தியத்தையும் இப்போ மீறப்போறேன். எல்லாத்துக்கும் சேத்து என்னைத் திட்டிக்குங்க."

சொன்னாள். வெள்ளைக் கார், சோளக்காடு, ஆஸ்பத்திரி, முதலாளி சொன்ன வார்த்தை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். முடித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"புள்ளைங்க இருந்தாங்களா வண்டியில?"

"ரெண்டு பேரும் இருந்தாங்க."

அவர் எழுந்து சுவரோரம் போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. திடீரென்று திரும்பினார்.

"தெரிஞ்சும் ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சு நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"முதல்ல கால்ல ஆரம்பிச்சுது. எறும்பு ஊர்ற மாதிரி. அப்புறம் கை. இறுக்கும்போது கையில ஒரு வலி வரும் பாரு, போதும்னு சொல்ற வலி, அது வரதே நின்னுபோச்சு. நானா ஒரு கணக்குல நிறுத்திப்பேன். ஒவ்வொரு வண்டியும் கேட்டைத் தாண்டிப் போறப்போ அதோட சக்கரத்தையே பாத்துட்டு நிப்பேன். நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னு…" முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "சின்னப் புள்ளைங்கடி."

அவள் அவர் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு அவர் எழுந்து முகம் கழுவினார். வெளுத்த சட்டையை எடுத்தார். பொத்தான் போட முயன்று, நிறுத்தி, அவள் பக்கம் திரும்பி நின்றார். முதல் தடவையாக, வாய் திறக்காமலே உதவி கேட்டார். அவள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

"எங்கே?"

"டீக்கடைக்கு."

ஞாயிறு சாயங்காலம் டீக்கடையில் நிற்க இடமிருக்காது. காரணங்கள் அதற்குள் பதிமூன்று ஆகியிருந்தன. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் இரண்டாவது குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துவிட்டிருந்தார். மூத்தவள் காலேஜ் போகிறாளாம்.

மெக்கானிக் உள்ளே நுழைந்ததும் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

"உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "கடை ஏன் மூடிச்சுன்னுதானே பேசிட்டிருக்கீங்க? என்னாலதான் மூடிச்சு. எனக்குச் சர்க்கரை போல, இன்னும் பாக்கல. விரல்ல உணர்ச்சி இல்ல. அத மறைச்சு வேலை பாத்தேன். ஒரு வண்டிக்கு வீல் நட்டைச் சரியா முறுக்கல. சக்கரம் கழண்டு ஒரு குடும்பமே போயிருக்கும். அந்தப் பழிய முதலாளி தன் தலையில போட்டுக்கிட்டு, கடைய மூடிட்டு, எனக்குக்கூடச் சொல்லாம வீட்டுல உக்காந்திருக்காரு. நீங்க பேசினதெல்லாம் அவர் காதுக்கும் போயிருக்கும். ஒரு நாள் வாய் திறக்கல. இனிமே யாராவது அவரைப் பத்திப் பேசணும்னா என் பேரைச் சொல்லிப் பேசுங்க."

சலூன்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் மட்டும், "உக்காருப்பா. முதல்ல ஒரு டீ குடி" என்றார். பிறகு, "சர்க்கரை இல்லாம போடறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அங்கிருந்து நேரே முதலாளி வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் இருவர் முகத்தையும் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"சத்தியம் பண்ணினியேம்மா."

"ஒன்பது பஸ்ஸுண்ணே. பள்ளிக்கூடத்து பஸ்ஸு. நாளைக்குப் போய்ச் சேரறதா இருந்தாரு."

முதலாளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ" என்றார் மெதுவாக. "அத நான் யோசிக்கவே இல்லையே. நல்லது பண்றேன்னு நெனச்சு, எங்க கொண்டு போய் நிறுத்தப் பாத்தேன்!"

மெக்கானிக் காலில் விழப் போனார். முதலாளி தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"அடச்சீ, எந்திரி. அறுபது வயசுல இதென்ன சினிமா?"

"எனக்காக இவ்வளவு செய்வீங்களா முதலாளி?"

"உனக்காகன்னு யார் சொன்னது? இருபத்திரண்டு வருஷம் என் பேரை நீ தூக்கிட்டு நின்னே. ஒரு இருபது நாள் உன் பேரை நான் தூக்கினேன். அதுக்குள்ள முதுகு வலிக்குது. உள்ள வா."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வேலை வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னார்கள். அதற்குப் பிறகு மூவருமாக டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்க, டீச்சரின் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார். மெக்கானிக் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். புகார் கொடுப்பதானால் கொடுங்கள், சரியான பெயரில் கொடுங்கள் என்றார்.

அந்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

"அதான் சார் சொல்ல வந்தேன்."

"கோபம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். இன்னும் வண்டிச் சத்தம் கேட்டா சின்னவ அழறா." கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். "ஆனா அன்னிக்கு ஒருத்தர் வந்து நான்தான் செஞ்சேன்னாரு. இன்னிக்கு இன்னொருத்தர் வந்து இல்ல நான்தாங்கறாரு. தப்பு பண்ணிட்டு ஓடறவங்களத்தான் பாத்திருக்கேன். இது எனக்குப் புதுசு. புகார் எல்லாம் வேண்டாம். கடையத் திறக்கறதுன்னாலும் திறந்துக்குங்க."

டீச்சர் உள்ளே போய் ஒரு காகிதத்தில் டாக்டர் பெயரும் விலாசமும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். "எங்கப்பாவுக்கும் இதே பிரச்சினைதான். இன்னிக்கே போங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

அந்தக் காகிதத்தை வாங்கும்போதுதான் சீட்டக்கா உடைந்து அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

போன உணர்ச்சி திரும்பி வருவது கஷ்டம், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சர்க்கரை எகிறிக் கிடந்தது. மாத்திரை, நடை, வேளைக்கு அளவான சாப்பாடு. மகள் ஒரு அட்டையில் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மெக்கானிக் பிள்ளை மாதிரி கீழ்ப்படிந்தார்.

முதலாளி வண்டி வியாபாரத்தை மறுபடி தொடங்கவில்லை. "அவன் கை இல்லாம எனக்கெதுக்குக் கடை?" என்றார். ஆனால் சங்கிலி கழன்றது. தகரக் கொட்டகையைச் சீட்டக்காவிடம் ஒப்படைத்தார். வேக்குவம் மெஷினும் தண்ணீர்க் குழாயும் பிரஷ்களும் அங்கேயே இருந்தன. ஊரில் இருக்கிற அழுக்கு சீட்டுகளுக்கு என்ன பஞ்சம்? மெக்கானிக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டு, "இது பெல்ட்டு, சீக்கிரம் மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்பினார். ஸ்பேனரைத் தொடவில்லை.

முதலாளி பகலில் வந்து பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொள்வார். இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பதினெட்டு வருஷத்தில் இவர்கள் இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை. சோப்பு நுரைக்கு நடுவே அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சுக்காரர்கள் இருவரும் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்ட் அவர்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வண்டிக்குள்ளிருந்தே குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க. நட்டை முறுக்காம விட்டது முதலாளிதானே?"

"என்னண்ணே இது? எங்க வீட்டுக்காரர்தான் அன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொன்னாரே?"

"சொன்னாரு, சொன்னாரு. அவர் கையாவது, முறுக்காம விடறதாவது! முதலாளி மேல இருக்கற விசுவாசத்துல பழியத் தூக்கித் தன் மேல போட்டுக்கிட்டாரு. டீக்கடையில பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க. சலூன்காரர் மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறாரு. முதலாளிதான் தங்கம், அவர்தான் இவருக்காகப் பழி சுமந்தாருன்னு ஒரே பிடிவாதம். நேத்து கைகலப்பே வந்திருக்கும். ரெண்டு கட்சி ஆயிடுச்சுக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடும்."

சீட்டக்கா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பி வயிறு குலுங்கியது. பெஞ்சில் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கு என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள்.

"எந்தக் கட்சி ஜெயிச்சாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்ண்ணே" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்போ கீழ இறங்குங்க. காலுக்குக் கீழ இருக்கற மேட்டை உருவணும்."